செப்பனிடுவதா, புதியது கொள்வதா?



பொருள் ஒன்று பழுதுபட்டால் அதைச் செப்பனிட்டு வைத்துக்கொள்வதா, அல்லது தள்ளிவிட்டுப் புதியது வாங்குவதா? இது கடைத்தெருவில் எழும் கேள்வி, அறவுரை மேடைக்கு உரியதன்று எனச் சிலர் எண்ணக்கூடும். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஒரு மடிக்கணினி என் எண்ணத்தை மாற்றியது. நடந்ததை முதலில் சொல்லிவிட்டுப் பின்னர் ஆராய்வோம்.

2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து மழை நாளொன்றில், ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது நம்மில் பலர் இன்னும் போர்ட் பிளேர் என்றே அழைக்கும் இந்நகரில், ஒரு தாயும் மகளும் என் வீட்டு வாயிலில் வந்து நின்றனர். தாய் மீன் சந்தையில் சிறு வியாபாரம் செய்து பிழைப்பவர். மூன்றாண்டுகளுக்கு முன் கணவரை இழந்தவர். மகள் கல்லூரி மாணவி. அவள் கையில் நெகிழித் தாளில் சுற்றிய மடிக்கணினி ஒன்று இருந்தது. அவள் தந்தை 2017இல் சென்னை சென்றபோது வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தது அது.

"அண்ணா, இதில் வைரஸ் புகுந்துவிட்டதாம். உள்ளே இருந்ததெல்லாம் அழிந்துவிட்டதாம். இனி இதற்குச் செலவழிக்க வேண்டாம், புதியது வாங்குங்கள் என்று கடைக்காரர் சொல்கிறார். நாற்பத்தையாயிரம் ஆகுமாம். சங்கிலியை அடகு வைக்கலாமா என்று உங்களைக் கேட்க வந்தேன்" என்றார் தாய்.

மகள் ஒன்றே ஒன்று சொன்னாள்: "மாமா, அப்பாவின் படங்கள் இதில்தான் இருந்தன."

நான் என்ன செய்தேன் தெரியுமா? உடனே உபதேசம் செய்தேன். ஆசையே துன்பத்திற்குக் காரணம் என்றும், புதியதைத் தேடி அலையும் மனம் நிறைவடையாதென்றும், உள்ளதைச் சீர்செய்து வாழ்வதே அறமென்றும் கால் மணி நேரம் பேசினேன். அந்தத் தாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி அண்ணா, ஆனால் இது சீராகுமா?" என்றார்.

அதற்கு என்னிடம் விடை இல்லை. அந்தக் கணினியை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. கடைக்காரர் திறந்து பாராமலே "புதியது வாங்கு" என்றார். நான் திறந்து பாராமலே "பழையதை வைத்துக்கொள்" என்றேன். அவருக்கு விற்பனை வேண்டியிருந்தது. எனக்கு நல்லுரை கூறிய மனநிறைவு வேண்டியிருந்தது. இருவரில் எவரும் அந்தப் பெண்ணின் துன்பத்தைப் பார்க்கவில்லை. நோயை அறியாமல் மருந்து கூறுபவன் மருத்துவன் அல்லன் அன்றோ? துன்பம் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, அது நீங்கும் என்பதையும் நீங்கும் வழியையும் அறிந்த பின்னரே பேச வேண்டும் என்பது நம் ஆசான் வகுத்த முறை. அந்த முறையைப் பிறருக்குப் போதிப்பவன் அதைத் தன் வாயிற்படியிலேயே மறந்தேன். வெட்கத்தோடு இதை எழுதுகிறேன்.

மறுநாள் மூவரும் கணினி பழுது பார்க்கும் இளைஞர் ஒருவரிடம் சென்றோம். அவர் முதலில் கேட்டது, "என்ன நடந்தது? எப்போதிலிருந்து?" என்பதே. ஒரு மணி நேரம் சோதித்துவிட்டுச் சிரித்தார். "படங்கள் எங்கும் போகவில்லை, ஐயா. ஒளிக்கப்பட்டிருக்கின்றன" என்றார்.

அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்டவாறு சொல்கிறேன். வைரஸ் என்பது கிருமியன்று. இரும்பையோ கம்பியையோ தின்னும் பூச்சியும் அன்று. மனிதன் எழுதிய கட்டளைகளின் தொகுப்பே அது. கணினி நல்ல கட்டளை, தீய கட்டளை என்று பகுத்தறியாது, இட்டதைச் செய்யும். இந்த வகை வைரஸ், கோப்புகளின் மேல் 'மறைவானது' என்னும் ஒரு குறியை இட்டுவிடுகிறது. அவை இருந்த இடத்தில் அதே பெயருடைய போலிகளை வைக்கிறது. உரியவர் தம் கோப்பென்று எண்ணிப் போலியைத் திறந்தால் வைரஸே மீண்டும் இயங்குகிறது. செருகப்படும் ஒவ்வொரு பென் டிரைவிலும் தன்னைப் படியெடுத்துக்கொண்டு அடுத்த வீட்டிற்குப் பயணமாகிறது. உண்மைப் பொருள் அழியவில்லை. அதன் மேல் திரை விழுந்திருக்கிறது, அவ்வளவே.

இளைஞர் அந்தக் குறியை நீக்கினார். தந்தையின் படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் தோன்றின. தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அன்று நான் எதுவும் போதிக்கவில்லை.

எல்லா வைரஸும் இவ்வளவு எளியதன்று என்பதையும் சொல்ல வேண்டும். 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் 'வான்னாகிரை' என்னும் ஒன்று சில நாட்களுக்குள் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகளைத் தாக்கியது. அது கோப்புகளை ஒளிக்கவில்லை. திறவுகோல் இன்றித் திறக்க இயலாதபடி பூட்டி, மீட்புப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதங்கள் பலர் அதை நிறுவாமல் இருந்தனர். விழிப்பின்மை எவ்வளவு பெரிய வாயில் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனிக் காரணத்திற்கு வருவோம். இளைஞர் அந்தப் பெண்ணை மெல்ல விசாரித்தார். விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள் ஒன்றின் திருட்டுப் படியை அவள் தோழியிடமிருந்து பெற்றிருக்கிறாள். அதை நிறுவ வேண்டுமானால் காவல் மென்பொருளை நிறுத்துமாறு அது கேட்டது; அவளும் நிறுத்தினாள். அதன்பின் ஒருநாள் நகலெடுக்கும் கடையில் பாடக்குறிப்பை அச்சிட்டு வந்தாள். அங்கு நூறு பேர் செருகும் கணினியில் அவள் பென் டிரைவும் செருகப்பட்டது. வீட்டுக்கு வந்தபோது வாயிலில் காவல் இல்லை. இது இருந்ததால் அது தோன்றிற்று. அது தோன்றியதால் மற்றது வந்தது. விதி என்றும் கண்ணேறு என்றும் சொல்வதற்கு இதில் ஒன்றுமில்லை.

அந்தப் பெண்ணை நான் குறை கூறவில்லை. நம் தீவுகளின் வரலாறும் இதில் ஒரு கண்ணி. சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒளியிழைக் கம்பிவடம் போடப்பட்டு 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன் செயற்கைக்கோள் வழியாக வந்த சொற்ப இணைப்பையே யாவரும் பகிர்ந்துகொண்டோம். ஒரு பாடலை இறக்கவே பொழுது விடியும். ஆகவே படமும் பாட்டும் மென்பொருளும் பென் டிரைவில் கைமாறின; பாதுகாப்புத் திருத்தங்களை இறக்கிக்கொள்ளவோ வழி குறைவு. வறியவர் வாழும் வழியே நோய் வரும் வழியாகவும் அமைவது கணினிக்கு மட்டும் நேர்வதன்று. ஆயினும் கொடுக்கப்படாததைக் கொள்ளாதே என்னும் சீலம் வெறும் அண்டை வீட்டு மாங்காயைப் பற்றியதன்று என்பதை அன்று அவள் உணர்ந்தாள். நானும் உணர்ந்தேன், என் கைபேசியிலும் அத்தகையது ஒன்று இருந்தது.

நான் மரம் அறுக்கும் ஆலையில் பல்லாண்டு உழைத்தவன். பட்டைபோல் சுழன்று வரும் ரம்பத்தின் பல் திடீரென மழுங்கினால், புதியவன் உடனே வேறு ரம்பம் மாட்டுவான். அனுபவமுள்ளவனோ பொறியை நிறுத்திவிட்டு மரத்தைத் தடவிப் பார்ப்பான். எப்போதோ எவனோ அடித்த ஆணி மரத்திற்குள் புதைந்து கிடக்கும். அதை எடுக்காமல் எத்தனை புது ரம்பம் மாட்டினாலும் அத்தனையும் மழுங்கும். ஆலைக் கூடத்தில் நான் கற்ற இப்பாடம் இங்கும் பொருந்துகிறது. அந்தத் தாய் சங்கிலியை அடகு வைத்துப் புதிய கணினி வாங்கியிருந்தால், அதே திருட்டு மென்பொருளும் அதே பென் டிரைவும் அதே பழக்கமும் அதில் குடியேறியிருக்கும். உடல் புதியது, வினை பழையது. ஒரு திங்களுக்குள் அதே துன்பம் திரும்பியிருக்கும். ஆகவே 'செப்பனிடுவதா, மாற்றுவதா' என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, 'ஆணி எங்கே?' என்பதே.

இனி, பழுது எவ்வகையது என்று காண்போம். நோயாளிகள் மூவகையினர் என்று பகவன் புத்தர் கூறியுள்ளார். மருந்தும் பணிவிடையும் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பிழையாதவன் ஒருவன். இரண்டிலும் பிழைப்பவன் ஒருவன். கிடைத்தால் மட்டுமே பிழைப்பவன் ஒருவன். இந்த மூன்றாமவனை முன்னிட்டே மருந்தும் பணிவிடையும் விதிக்கப்பட்டன. அவன் பொருட்டு மற்ற இருவரும் பேணப்பட வேண்டும் என்றார். யார் எவ்வகையினர் என்பது முன்கூட்டித் தெரியாதாகையால், எல்லோரையும் பரிசோதித்துப் பார்ப்பதே முறை.

கணினிகளும் அப்படியே. சிலவற்றில் காவல் மென்பொருள் ஒன்றைக் கொண்டு துடைத்தாலே நோய் நீங்கும். இந்திய அரசின் 'சைபர் சுவச்தா கேந்திரா' 2017 முதல் இத்தகைய கருவிகளை இலவசமாகவே வழங்கி வருகிறது. சிலவற்றில் நோய் வேரோடியிருக்கும். அப்போது வேண்டிய படங்களையும் எழுத்துக்களையும் மட்டும் வெளியே எடுத்துச் சோதித்து, மென்பொருள்கள் எதையும் எடுக்காமல், வட்டு முழுவதையும் அழித்து, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவ வேண்டும். வைரஸ் ஒரு கட்டளைத் தொகுப்பேயாதலால், எழுதிய பலகையைக் கழுவினால் எழுத்து அழிவதுபோல் அதுவும் அழியும். தாய்ப்பலகையின் அடிப்படை நிரலுக்குள்ளேயே புகுந்துகொள்ளும் வகையும் உண்டு. ஆயின் அது மிக அரிது. எனவே, வைரஸ் வந்தது என்ற ஒரே காரணத்திற்காகக் கணினியைத் தூக்கி எறிவது, வீட்டிற்குள் பாம்பு புகுந்தது என்பதற்காக வீட்டையே கொளுத்துவதற்கு ஒப்பாகும்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. செப்பனிட்டும் பயனில்லாத நிலை உண்டா? உண்டு. பேட்டரி வீங்கிப் புடைத்திருந்தால் அது தீப்பற்றும் அபாயம். அதை மாற்றாமல் ஒரு நாளும் பயன்படுத்தலாகாது. நம் தீவுகளின் உப்புக் காற்றும் ஈரமும் தாய்ப்பலகையை அரித்திருந்தால், இன்று ஒட்டவைத்தது நாளை விட்டுப்போகும். மூன்றாவதாக, பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுபோன இயங்குதளத்தில் ஓடும் கணினி, பூட்டில்லாத வீடு. விண்டோஸ் 10க்கு வழக்கமான திருத்தங்கள் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றன. பதிவு செய்துகொள்வோர்க்கு ஓராண்டு நீட்டிப்பு மட்டும் அறிவிக்கப்பட்டது. அடுத்ததாகிய விண்டோஸ் 11ஐ ஏற்பதற்குப் பிந்திய காலத்துச் செயலி தேவை; 2017இல் வாங்கிய கணினிகளிற் பலவற்றிற்கு அத்தகுதி இல்லை. ஆகவே அந்தப் பெண்ணின் கணினியைத் துடைத்துத் தந்தாலும் கதவு திறந்தே கிடக்கும் என்றார் இளைஞர்.

அப்படியானால் கடைக்காரர் சொன்னதுதான் சரியோ? இங்கே சற்றுப் பொறுமை வேண்டும். நாகசேனர் மிலிந்த மன்னனிடம் தேரைக் காட்டி, அச்சா தேர், சக்கரமா தேர், நுகமா தேர் என்று கேட்டாரன்றோ? அதுபோல் நாமும் கேட்போம். திரையா கணினி? விசைப்பலகையா? வட்டா? இயங்குதளமா? அதில் உறங்கும் தந்தையின் படங்களா? கணினி என்று ஒன்றாகக் கண்டதால்தான் 'வைப்பதா, எறிவதா' என்று இரண்டே வழி தெரிந்தது. கூறுகளாகக் கண்டபோது ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி புலப்பட்டது. படங்கள் காக்கப்பட வேண்டியவை. வட்டு கழுவப்பட வேண்டியது. திரையும் பலகையும் பேட்டரியும் நலமாகவே உள்ளன. காலாவதியானது இயங்குதளம் ஒன்றே. மாற்ற வேண்டியதும் அஃதொன்றே.

அதற்கும் வழி இருந்தது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற இயங்குதளங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன; அவை திருட்டுப் படியும் அல்ல, எவரும் எடுத்துக்கொள்ளக் கொடுக்கப்பட்டவையே. பாடக்குறிப்பு எழுதவும், இணையத்தில் விரிவுரை கேட்கவும், தேர்வுப் படிவம் நிரப்பவும் அவை போதும். குறிப்பிட்ட விண்டோஸ் மென்பொருள் ஒன்று படிப்பிற்கு இன்றியமையாதது எனின் போதா. ஆகவே இறுதிக் கேள்வி பொருளைப் பற்றியது அன்று. 'உனக்கு இதனால் ஆகவேண்டிய பணி யாது?' என்பது. அந்தப் பெண்ணுக்கு ஆகவேண்டிய பணிகளை நால்வரும் அமர்ந்து எழுதிப் பார்த்தோம். அடுத்த ஈராண்டிற்கு இது போதும் என்று தெரிந்தது.

இவ்விடத்தில் என் மற்றொரு பிழையையும் சொல்லிவிட வேண்டும். செப்பனிடுவதே எப்போதும் அறம் என்று எவரும் முடிவு கட்டிவிடக் கூடாது. எங்கள் படிப்பகத்தில் ஒரு பழைய கணினி இருந்தது. உப்புக் காற்றில் உள்ளே பச்சை பூத்துப் போயிருந்தது. புதியது வாங்கலாம் என்று இளைஞர்கள் கூறியபோது, 'எளிமை வேண்டும்' என்று நான் மறுத்தேன். மூன்று முறை செப்பனிட்டோம். மூன்று முறைக்குமான செலவு, நல்ல நிலையிலுள்ள ஒரு கணினியின் விலையைத் தாண்டிற்று. அது ஏழைகள் அணா அணாவாகத் தந்த காசு. தேர்வுக்கு விண்ணப்பிக்க வந்த பிள்ளைகள் இருவர் கடைசி நாளில் கணினி இயங்காமல் திரும்பிப் போனார்கள். எளிமை என்று நான் பெயரிட்டது உண்மையில் என் பிடிவாதமே. புதியதன் மேல் வேட்கை ஒன்று உண்டு. தொல்லையை ஒழித்துக் கட்டிவிட வேண்டும் என்னும் வேட்கை மற்றொன்று உண்டு. 'நான் பழையதில் வாழும் எளியவன்' என்று பிறர் காண வாழும் வேட்கையும் உண்டு. மூன்றும் வேட்கையே. நடுவழி என்பது பாதி விலையில் வாங்குவது அன்று. வேட்கை எதுவும் தராசைத் தொடாதபடி நிறுத்துப் பார்ப்பது.

தராசின் ஒரு தட்டில் பெரும்பாலும் நாம் வைக்க மறப்பது ஒன்றுண்டு. தூக்கி எறிந்த பொருள் எங்கே போகிறது? யார் கைக்குப் போகிறது?

ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு உண்டாயிற்று. முறையாகத் திரட்டப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் உள்ளது அதில் 22.3 விழுக்காடே. எஞ்சியதில் பெரும்பகுதி எங்கே? தில்லியில் சீலம்பூர் போன்ற இடங்களின் சந்துகளில் ஏழைகள் கம்பிகளை எரித்துச் செம்பு எடுக்கிறார்கள். பலகைகளை அமிலத்தில் இட்டு உலோகம் பிரிக்கிறார்கள். ஈயமும் பாதரசமும் அவர்கள் மூச்சிலும் அவர்கள் குழந்தைகளின் இரத்தத்திலும் கலக்கின்றன. உற்பத்தி செய்தவரே கழிவிற்கும் பொறுப்பேற்க வேண்டும் என்னும் புதிய விதிகள் இந்தியாவில் 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. விதி இருப்பது நன்று. எனினும் குப்பையோடு குப்பையாக எறிந்துவிட்டால் விதி அதைத் தேடி வராது. நம் தீவுகளில் நிலை இன்னும் கடினம். இங்கே எறிந்தது இந்த மண்ணிலும் இந்தக் கடலிலும் கிடக்கும். இல்லையேல் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் கடல் கடந்து அக்கரைக்குச் செல்ல வேண்டும்.

அன்பர்களே, இதை நாம் பிறரினும் அதிகமாகச் சிந்திக்கக் கடமைப்பட்டவர்கள். ஊரின் அழுக்கை அள்ளும் வேலை தலைமுறை தலைமுறையாக யார் தலையில் சுமத்தப்பட்டது என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எறிந்தவன் கை தூய்மை, எடுத்தவன் கை தீட்டு என்ற பொய்யை உதறிவிட்டு வந்தவர்கள் நாம். அப்படி வந்த நாம், நம் வீட்டுக் கழிவை எவனோ ஒரு ஏழையின் தலையில் ஏற்றிவிட்டுப் புதுப்பொருளோடு மகிழ்ந்திருந்தால், சாதியின் வாசலை விட்டு வெளியேறிச் சாதியின் பழக்கத்தை மட்டும் மூட்டை கட்டிக் கொண்டு வந்தவர்கள் ஆவோம்.

கோசம்பியில் உதேன மன்னனின் அரண்மனைப் பெண்டிர் ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகளைத் தானமாக ஈந்தனர். இவ்வளவு துணியை ஒரு துறவி என்ன செய்வார், கடை வைப்பாரோ என்று ஐயுற்ற மன்னன் அவரையே வினவினான். ஆடை கிழிந்த பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்பேன் என்றார் ஆனந்தர். பழைய ஆடைகளை? படுக்கை விரிப்பாக்குவோம். பழைய விரிப்பை? மெத்தை உறையாக்குவோம். அதன்பின் தரைவிரிப்பு; அதன்பின் கால் துடைக்கும் துணி; அதன்பின் தூசி தட்டும் துணி; இறுதியில் அதைத் துண்டாக்கிச் சேற்றோடு குழைத்துத் தரை மெழுகுவோம் என்றார். எதுவும் வீணாவதில்லை என்று கண்ட மன்னன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு ஆடைகள் ஈந்தான் என்பது வரலாறு.

இக்கதையை ஊன்றிக் கவனியுங்கள். ஆனந்தர் புதிய ஆடையை மறுக்கவில்லை; பெற்றுக்கொண்டார். கிழிந்ததையே உடுத்துக்கொண்டு பெருமைப்படவும் இல்லை. புதியதற்கும் பழையதற்கும் ஆகிய இடத்தை அறிந்திருந்தார், அதுவே அவர் சிறப்பு. புதியது வாங்குவது பாவமன்று; பழையதற்கு அடுத்த இடம் இன்னதென்று அறியாமல் வாங்குவதே குற்றம். விரைவாக ஓடாத கணினி கணக்கு எழுதப் போதும். அதற்கும் ஆகாதது பிள்ளைகள் தட்டச்சுப் பழகப் போதும். அதற்கும் ஆகாததன் திரையும் நினைவகமும் வேறொரு கணினிக்கு உயிர் தரும். எதற்கும் ஆகாததை முறையாகத் திரட்டுவோரிடம் சேர்க்க வேண்டும்.

கைமாற்றும்போது இரண்டு கடமைகள் உண்டு. ஒன்று, நோயுள்ளதை நோயற்றது என்று கூறி விற்கலாகாது. உபாசகன் செய்யத்தகாத வாணிபம் ஐந்தில் நஞ்சு வாணிபமும் ஒன்று. வைரஸ் உள்ள கணினியைத் துடைக்காமல், வாயும் திறவாமல் அடுத்தவனுக்கு விற்பவன் அந்த வாணிபத்தையே செய்கிறான். மற்றொன்று, தன் கடவுச்சொற்களையும் படங்களையும் வங்கி விவரங்களையும் உள்ளே விட்டுவிட்டுக் கொடுக்கலாகாது. கோப்பை நீக்கினால் மட்டும் அது அழிவதில்லை; வட்டு முழுவதையும் அழித்தெழுத வேண்டும். பிறன் மனத்தில் திருட்டு எண்ணம் எழ நாம் காரணமாகக் கூடாது.

இன்னொரு வழியையும் பலர் கைக்கொள்கின்றனர்: செப்பனிடுவதும் இல்லை, மாற்றுவதும் இல்லை, வைரஸோடேயே காலம் தள்ளுவது. "என் கணினியில் என்ன இருக்கிறது, போனால் போகட்டும்" என்பார்கள். இதுவே மூன்றிலும் தீயது. நோயுற்ற கணினி தன் உடையவனை மட்டும் கெடுப்பதில்லை. அவன் அறியாமலே பிறர்க்கு நஞ்சை அனுப்புகிறது. வங்கிக் கடவுச்சொல்லைத் திருடனுக்குக் காட்டிக் கொடுக்கிறது. ஆகவே ஐயம் தோன்றியவுடன் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வேறொரு தூய கருவியிலிருந்து முதலில் வங்கிக்கும் பின்னர் மின்னஞ்சலுக்கும் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் காலம் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணுக்கு அழையுங்கள். இவற்றைச் செய்த பின்னரே செப்பனிடுவதா, மாற்றுவதா என்று அமர்ந்து சிந்திக்கலாம்.

இத்தீவின் சாத்தம் மர ஆலை 1883இல் நிறுவப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் குண்டுகளுக்கு இரையானது. போருக்குப்பின் மீண்டும் செப்பனிடப்பட்டு இயங்கிற்று. எல்லாப் பொறிகளையும் பழையபடியே வைத்துக்கொண்டதாலும் அன்று, எல்லாவற்றையும் எறிந்துவிட்டதாலும் அன்று. எது ஆகும், எது ஆகாது என்று கையால் தொட்டுப் பார்த்த தொழிலாளர் இருந்ததால் அது எழுந்தது. தொட்டுப் பார்க்கும் அந்தக் கைதான் அறத்திற்கும் வேண்டும்.

அந்தத் தாயின் சங்கிலி அவர் கழுத்திலேயே இருக்கிறது. கணினிக்கு ஆன செலவு ஆயிரத்து இருநூறு ரூபாய். தந்தையின் படங்கள் இரண்டு இடங்களில் படியெடுத்து வைக்கப்பட்டுள்ளன. ஒன்று அவர்கள் வீட்டிலும், ஒன்று அவர்கள் உறவினர் வீட்டிலும். மகள் திங்கள்தோறும் ஒரு தொகையைத் தனியே சேமிக்கிறாள். ஈராண்டு கழித்துப் புதியது தேவைப்படின் கடனின்றி வாங்கலாம். பழையது அப்போது எங்கள் படிப்பகத்திற்கு வரும் என்று கூறியிருக்கிறாள். நான் அதை மறுக்கப் போவதில்லை. ஆனால் வந்ததும் முதலில் திறந்து பார்ப்பேன்.

தமிழ்நாட்டில் 2011இல் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, தம் வாழ்நாளில் கணினியைத் தொட்டிராத குடும்பங்களின் பிள்ளைகள் லட்சக்கணக்கில் அதைப் பெற்றார்கள். நம் பிள்ளைகளுக்கு இது ஆடம்பரமன்று, ஏணி. ஏணியின் படி ஒன்று ஒடிந்தால் ஏணியையே எறிவதும் மடமை. ஒடிந்த படியில் ஏறச் சொல்வதும் கொடுமை. ஆராய்ந்து, காரணம் கண்டு, பிறர்க்குத் தீங்கின்றி, ஆகவேண்டிய பணிக்கு எது போதுமோ அதைச் செய்யுங்கள். எதை முடிவு செய்கிறீர்கள் என்பதைக் காட்டிலும், கண்ணைத் திறந்துகொண்டு முடிவு செய்கிறீர்களா என்பதையே அறம் கேட்கும்.